டோக்கன் நூத்திப் பதினேழு

ஒச்சம்மாவோட ரெண்டு காலும் செருப்போட செருப்பா ஸ்டாண்டுலயே நின்னுக்கிட்டது ஒரு கார்த்திகை மாசத்து வெள்ளிக்கிழமை, காலையில ஒம்பதே கால் மணிக்கு, லேசாத் தூறல் போட்டுக்கிட்டிருந்த நேரம். அவ எப்பவும் போல குனிஞ்சு பின்வாரைக் கழட்டுனா, முன்பட்டையைப் பிரிச்சா, காலை உருவுனா, கால் வரலை, கணுக்காலுக்கு மேல இருந்த ஒச்சம்மா மட்டும் வந்தா. ரத்தமில்லை, வலியில்லை, கணுக்கால் முடிஞ்ச எடம் கடைஞ்ச மரம் மாதிரி வழவழன்னு இருந்துச்சு. செருப்புக்கு டோக்கன் போடுற தவசி ஒரு நிமிசம் பாத்தாரு, காலோட சேத்துச் செருப்பை எடுத்து மூணாவது தட்டுல தூவானம் படாத எடமாப் பாத்து வச்சாரு, நூத்திப் பதினேழாம் நம்பர்த் தகரத்தை அவ கையில குடுத்தாரு.

"பத்திரமாப் பாத்துக்கங்கண்ணே"ன்னா ஒச்சம்மா.

"வெறும் செருப்பையே இருவத்திரெண்டு வருசமாத் தொலைச்சதில்லை தாயி. இதுல கால் வேற இருக்கு, தொலைப்பனா?"

இதைப் பாத்து யாரும் ஆ, ஊன்னு கத்தலை, ஏன்னா அந்த நேரத்துல பவளக்கொடி சில்க்ஸ் வாசல்ல கத்துறதுக்கு யாருக்கும் நேரம் கிடையாது. ஒம்பதரைக்குள்ள மேல போயி மிசின்ல விரல் வைக்கணும், ஒரு நிமிசம் தாண்டுனா அரை நாள் போச்சு. ஒச்சம்மாவும் அந்தக் கவலையிலதான் படியேறுனா. கால் இல்லாம எப்படி ஏறுனான்னு கேட்டா அவளுக்கே தெரியாது, இடுப்பளவு தண்ணிக்குள்ள நடக்குறவ மாதிரி ஏறுனா, சத்தமே இல்லாம ஏறுனா, சேலைதான் ரெண்டு விரக்கடை கீழ புரண்டுச்சு. மூணாவது மாடி பட்டு செக்சன் சூப்பர்வைசர் கோதண்டம் அவளை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு.

"ஏம்மா, யூனிபார்ம் சேலை தரையைக் கூட்டுது பாரு. கொசுவத்தைத் தூக்கிச் சொருகு."

கால் இப்படிப் பண்ணுனதுக்குக் காரணம் செருப்புன்னா, அந்தச் செருப்பைத் தேடிப் பிடிச்சுக் குடுத்தது தவசிதான், அதனால பாதிப் பாவம் அவருக்கும் சேரும்.

மதுரை தெற்கு மாசி வீதியில நாலு மாடி வச்சு நிக்கிற அந்தக் கடையில, துணி லட்சுமி, செருப்புக் கால் பட்டா லட்சுமி போயிருவான்னு முதலாளியோட அப்பா காலத்துல இருந்து ஒரு சட்டம். வாங்க வர்றவங்களும் விக்க நிக்கிறவங்களும் வாசல்ல கழட்டிட்டு வெறுங்காலோடதான் உள்ள போகணும். லட்சுமி மேல அவ்வளவு பயபக்தி வச்சிருந்த அந்தக் கடையில லட்சுமிங்கிற பேர்ல மட்டும் ஏழு பொம்பளைங்க கிரானைட் தரையில பதினோரு மணி நேரம் நின்னுக்கிட்டிருந்தாங்க, அது வேற விசயம். நிக்கிறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு அரசாங்கம் சட்டம் போட்டப்போ, மாடிக்கு நாலு ஸ்டூலு வாங்கிப் போட்டாங்க. அந்த நாலு ஸ்டூல்லயும் பிரிக்காத துணிக்கட்டு உக்காந்திருந்துச்சு. அந்தக் கடையில உக்காந்து பாக்குற வேலை மொத்தமே ரெண்டு. ஒண்ணு முதலாளிக்கு, இன்னொண்ணு தவசிக்கு.

உக்காந்த எடத்துல இருந்தே தவசிக்கு ஊரு பூராத்தோட காலும் தெரியும். செருப்போட தேய்மானத்தைப் பாத்தே ஆளைச் சொல்லிருவாரு. குதிகால் வெளிப்பக்கம் தேஞ்சிருந்தா வண்டியில இருந்து எறங்கி ஏறுற கண்டக்டரு, முன்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா கரும்பலகையில எம்பி எழுதுற டீச்சரு, நடுவுல குழி விழுந்து நாலு பக்கமும் அப்படியே இருந்தா, நடக்காம நின்னே தேஞ்ச செருப்பு, அது பாங்கி வாசல்ல நிக்கிற வாட்ச்மேனு. அதனால கடைப் பொம்பளைங்க கால் சமாசாரம் எதுன்னாலும் அவர்கிட்டதான் கேப்பாங்க.

ஒச்சம்மாவும் கேட்டா, ஆனா அவ கேட்டதுக்குப் பின்னால ஒரு பெரிய கதை இருந்துச்சு. அவளுக்குச் செக்கானூரணி. மக யோகஸ்ரீ மூணு வயசு முடிஞ்சும் எந்திரிச்சு நிக்கலை, பாக்காத ஆஸ்பத்திரி இல்லை, கடைசியில ஒருநாள் "முருகா, எம்புள்ள நடந்துட்டா, பழனிக்கு நான் நடந்தே வாரேன்"னு வாய்விட்டுச் சொல்லிட்டா. நாலாம் வயசுல புள்ள நடந்துருச்சு. அதுக்கப்புறம் அஞ்சு தை வந்துச்சு, அஞ்சு தைப்பூசம் போச்சு, அஞ்சு தடவை லீவு கேட்டா, தை மாசந்தான் பட்டுக்கு மாசம்னு அஞ்சு தடவையும் இல்லைன்னுட்டாங்க. இந்தப் பொரட்டாசியில இருந்து புள்ள தடுக்கித் தடுக்கி விழ ஆரம்பிச்சா. கல்லு இல்லை, குழி இல்லை, சமதரையில போறவ பொத்துன்னு விழுவா, முட்டி பூரா புண்ணு. டாக்டருக்கு ஒண்ணும் பிடிபடலை. மாமியாக்காரி மட்டும் வெத்தலையை மென்னுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னா: "மலைக்காரன் எத்தனை வருசந்தான் பொறுப்பான்?"

இந்தத் தையில நடந்தே தீரணும். ஆனா தீபாவளி யாவாரத்துல நின்ன நிப்புல ஒச்சம்மாவுக்குக் குதிகால் போயிருச்சு. காலையில பாயில இருந்து எந்திரிச்சு மொதக் காலை ஊண்டுனா கண்ணுல தண்ணி வந்துரும். டாக்டரம்மா அமுக்கிப் பாத்துட்டு, "இதை வச்சுக்கிட்டு நீங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறதே பெருசு"ன்னுட்டாங்க, "நாள் பூரா நிக்கிற வேலைன்னா அதுக்குத் தோதாச் செருப்பு வாங்கிப் போட்டு இருக்குற காலையாவது காப்பாத்துங்க."

"எது வாங்கட்டும்ணே?"ன்னு தவசிகிட்ட வந்து கேட்டா.

"எது வாங்கணும்னு அப்புறம். எப்ப வாங்கணும்னு மொதச் சொல்றேன். சாயங்காலம் வாங்கு. காலையில இருக்குற காலு வேற, நின்னு வீங்குன காலு வேற, வீங்குன காலுக்குத்தான் செருப்பு."

அவ வார லீவு அன்னைக்குச் சாயங்காலம் அவரே ஸ்டாண்டை வாட்ச்மேன்கிட்ட ஒப்படைச்சு, டீ குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடைக்குக் கூட வந்தாரு. கடைக்காரன் சிராஜு அவருக்குத் தெரிஞ்சவன். அவன் மொத எடுத்தது பஞ்சு மாதிரி அமுங்குற செருப்பு, தொட்டாலே தூக்கம் வரும். தவசி வேணாம்னுட்டாரு, மெத்தை மாதிரி இருக்குற செருப்பு மெத்தைக்குத்தான் ஆகும், படுக்கலாம், நிக்க முடியாது, கால் உள்ள போயிக் கிடந்து அல்லாடும்னாரு. அடுத்து வந்ததை ரெண்டு கையாலயும் மடக்குனாரு, நடுவுல மடங்குச்சு, அதையும் தள்ளி வச்சாரு. வெரல் மடங்குற எடத்துலதான் செருப்பும் மடங்கணுமாம். பின்னால வார் வேணும், இல்லாட்டி செருப்பு கழண்டுறாம இருக்க வெரலு நாள் பூரா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்குமாம், நமக்கே தெரியாதாம். முன்னால கட்டை வெரல் அகலத்துக்கு எடம் வேணும். நர்சுங்க போடுற ஷூ ஒண்ணு எல்லாத்துக்கும் தோதா இருந்துச்சு, ஆனா அதுல மெட்டி உறுத்துச்சு.

ஏழாவது ஜோடி, காப்பிக் கலர்ல முன்னால ரெண்டு பட்டை, பின்னால ஒரு வாரு. ஒச்சம்மா மாட்டிக்கிட்டு ரெண்டு எட்டு வச்சா.

"நடக்காத தாயி"ன்னாரு தவசி. "நில்லு."

"அண்ணே, எல்லாரும் நடந்துதாண்ணே பாப்பாங்க"ன்னான் சிராஜு.

"இவுக வேலை நடக்குறது இல்லப்பா, நிக்கிறது. நின்னுதான் பாக்கணும்."

நின்னா. பத்து நிமிசம் நின்னா, அரை மணி நேரம் நின்னா, வந்த கஸ்டமரெல்லாம் பொம்மையோன்னு தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க, சிராஜு ரெண்டு டீ வாங்கிக் குடிச்சுட்டான், ஒச்சம்மா ஒரு கை உசரத்துக்குச் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தா. முக்கால் மணி நேரம் கழிச்சு, "அண்ணே, நிக்கிற மாதிரியே இல்லண்ணே"ன்னா. சொல்லும்போது மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு.

மறுநாள் கோதண்டத்துகிட்ட போயி நின்னா. "சார், புதுச் செருப்பு சார், ரோட்டுல படவே விடலை. கடைக்குள்ள மட்டும் போட்டுக்கிறேன் சார். டாக்டர் சீட்டு இருக்கு."

"டாக்டரு எந்த மாடியில வேலை பாக்குறாரு?"ன்னு கேட்டாரு கோதண்டம். பேச்சு அதோட முடிஞ்சுச்சு.

ஆக, நிக்கிறதுக்குன்னு மதுரையில அலசி ஆராஞ்சு வாங்குன அந்தச் செருப்பு, அவ நிக்கிற நேரம் பூரா ஸ்டாண்டுல சும்மா இருந்துச்சு, அவ உக்காந்து போற பஸ்ஸுல மட்டும் அவ காலுல இருந்துச்சு. இது கோதண்டத்துக்கு ஞாயமாப் பட்டுச்சு, முதலாளிக்கு ஞாயமாப் பட்டுச்சு, லட்சுமிக்கு எப்படிப் பட்டுச்சோ தெரியலை. காலுக்குப் பொறுக்கலை. ஒம்பது நாள் பாத்துச்சு, பத்தாம் நாள் தான் பாட்டுக்குச் செருப்புலயே இருந்துக்கிச்சு.

ராத்திரி வேலை முடிஞ்சு வந்து காலை மாட்டிக்கிட்டவ, நடந்து பாத்துட்டு, "குதிகால் தேவலாம்ணே"ன்னா. அவ்வளவுதான், ஒரு வாரத்துல பக்கத்துக் கவுண்டர் ரெஜினா வந்துட்டா, அடுத்து சுடிதார் செக்சன், அடுத்து கீழ் மாடி ஜாக்கெட் துணி, டவுன்ஹால் ரோட்டுல சிராஜு கடையில வேலை முடிஞ்ச ராத்திரியானா பொம்பளைங்க வரிசையா அசையாம நின்னுக்கிட்டிருந்தாங்க. செருப்பு அளவா அமைஞ்சவங்களுக்குத்தான் கால் கழண்டுச்சு. சிக்கனம் பாத்து ரோட்டோரத்துல அதே மாதிரி வாங்குன ஒருத்திக்கு வலது கால் மட்டும் கழண்டு, பாவம், நாள் பூரா ஒரு பக்கமாச் சாஞ்சே மடிப்புச் சேலை காட்டுனா. மார்கழி பொறக்கும்போது தவசியோட ஸ்டாண்டுல நாப்பத்தாறு ஜோடிக் காலு.

இதை ஊரு எப்படி எடுத்துக்கிச்சுன்னா, மழை வந்தா குடையை எடுத்துக்குற மாதிரி எடுத்துக்கிச்சு. மாமியாக்காரிங்கதான் மெட்டி போட்ட காலை எவனோ ஒருத்தன்கிட்ட விட்டுட்டுப் போறதான்னு ஒரு ஆட்டம் ஆடுனாங்க. தவசி, கல்யாணம் கட்டுன காலுக்குத் தனித்தட்டு, கட்டாத காலுக்குத் தனித்தட்டுன்னு பிரிச்சு, கட்டுன தட்டுக்கு ஒரு பழைய சேலையைத் திரையாத் தொங்கவிட்டதும் அடங்கிட்டாங்க. கஸ்டமருங்களுக்குச் சந்தோசம், கடை அமைதியா இருக்குன்னாங்க. தெரு முக்குல பூ விக்கிற அம்மா வெள்ளிக்கிழமையானா எல்லாக் காலுக்கும் கொஞ்சம் மஞ்சப் பூசிவிட்டுப் போகும்.

தவசிக்குத்தான் வேலை கூடிப்போச்சு. எறும்பு வராம தட்டைச் சுத்திப் பொடி போடணும், மத்தியானம் வெயில் திரும்புனா ஈரத்துணி போத்தணும், சேத்துப்புண்ணு உள்ள காலுக்கு மருந்து தடவணும். ரெண்டு மணிக்கு மேல காலெல்லாம் தூங்கும். வெரலு அப்பப்போ துடிக்கும், கனவு காணுற நாய்க்குட்டி மாதிரி. இங்க ஈரத்துணி போத்துனா மேல மூணாவது மாடியில ஒச்சம்மா "அப்பாடி"ன்னுவா, அது அவளுக்குத் தெரியும், ஆனா வலி மட்டும் தெரியாது. இருவத்திரெண்டு வருசம் செருப்புக்குக் காவல் இருந்த மனுசன், நாப்பத்தாறு பொம்பளைங்களோட தூங்குற காலுக்குக் காவல் இருக்கோம்னு நெனைச்சப்போ, பெருமையா இருந்துச்சு, கொஞ்சம் பயமாவும் இருந்துச்சு.

பயம் வீண் போகலை. கால் வலிக்கலைன்னா ஸ்டூலு எதுக்குன்னு அந்த நாலு ஸ்டூலையும் எடுத்துட்டாங்க. துணிக்கட்டுகூட அப்புறம் தரையிலதான் உக்காந்துச்சு. கால் வலிக்கலைன்னா டீக்கு எதுக்குக் கீழ போகணும்னாங்க. கால் வலிக்கலைன்னா இன்னும் ஒண்ணரை மணி நேரம் நின்னா என்னன்னு பதினோரு மணி நேரம் பன்னெண்டரை ஆச்சு. ஆனா நிக்கிறதுன்னு ஒண்ணு இருந்தா வலின்னு ஒண்ணு இருக்கணும்ல, எறங்குறதுக்குக் கால் இல்லாததால அது மேல ஏறிருச்சு. மொழங்கால்ல ஏறுச்சு, இடுப்புல ஏறுச்சு, நடு முதுகுல ஏறி ஒக்காந்துச்சு. ராத்திரி டோக்கனைக் குடுத்துக் காலை வாங்க வருவாங்க. காலு நல்லாத் தூங்கி எந்திரிச்சு ஓடத் தயாரா நிக்கும், காலுக்கு மேல இருக்குறவ விழத் தயாரா நிப்பா.

"நான் வேற செருப்பு சொல்லியிருக்கணுமோ தாயி?"ன்னாரு ஒருநாள்.

"செருப்பு மேல ஒரு குத்தமும் இல்லண்ணே"ன்னா ஒச்சம்மா. "எனக்குக் குதிகால் ஆறிருச்சு. தைக்கு இருவது நாள்தான் இருக்கு. எனக்கு அது போதும்."

தை பொறந்துச்சு. ஒச்சம்மா ஆறாவது தடவையா லீவு கேட்டா. அஞ்சு நாளு சார், போக நாலு, வர பஸ்ஸுல ஒரு நாளு சார்னா. கோதண்டம் ஒண்ணும் கெட்ட மனுசன் இல்லை, அவருக்கு மேல ஒரு மேனேஜரு, அந்த மேனேஜருக்கு மேல முதலாளி, எல்லாருக்கும் மேல தை மாசத்து முகூர்த்தம். ஆனா வாய் சும்மா இருக்காது.

"நடக்கப் போறது காலுதானேம்மா? அதுதான் கீழ சும்மா கெடக்குதே, அதை அனுப்பிவிடு. நீ இங்க சேலையைக் காட்டு."

செக்சனே சிரிச்சுச்சு. ஒச்சம்மா சிரிக்கலை. அன்னைக்கு வீட்டுல யோகஸ்ரீ கொல்லையில விழுந்து பல்லுல ஓரம் உடைஞ்சுபோச்சு.

மூணாம் நாள் காலையில பதினோரு மணிக்கு, பச்சை வேட்டியும் காவி வேட்டியுமா ஒரு கூட்டம், தலையில மூட்டையும் தோள்ல காவடியுமா, அரோகரா போட்டுக்கிட்டுத் தெற்கு மாசி வீதி வழியாப் போச்சு. மேளச்சத்தம் கேட்டு ஸ்டாண்டுல எல்லாக் காலும் வெரலை ஆட்டுச்சு. நூத்திப் பதினேழு மட்டும் ஆட்டலை. அது கட்டை வெரலால பட்டையை நெம்புச்சு, பின்வாரை உதறுச்சு, செருப்பை விட்டு வெளிய வந்துச்சு, திரைச்சேலையை வெலக்கிட்டு மூணாவது தட்டுல இருந்து ரெண்டாவதுக்கும் ரெண்டாவதுல இருந்து தரைக்கும் எறங்கி, தவசி முன்னால ஒரு நிமிசம் நின்னுச்சு.

தவசி எந்திரிச்சாரு. பிடிக்கலாம், பிடிச்சுக் கட்டிக்கூட வைக்கலாம், டோக்கன் குடுத்த பொருளு, கேட்டா என்ன பதில் சொல்ல? ஆனா புள்ளையோட பல்லு விசயமும் அவருக்குத் தெரியும். கையைப் பெசைஞ்சாரு, மேல பாத்தாரு, கீழ பாத்தாரு, அவர் வாயில இருந்து வந்தது இவ்வளவுதான்: "லாரி வரும், ஓரமாப் போங்க."

அவர் மேல சொல்லி அனுப்புறதுக்கு முன்னாலயே மூணாவது மாடியில ஒச்சம்மா ஒரு பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு மாம்பழக் கலர்ல பட்டு விரிச்சுக்கிட்டிருந்தவ அப்படியே நின்னா. "ரோடு சுடுது"ன்னா. ரெஜினா ஓடி வந்தா. "என்னக்கா?" "கெளம்பிருச்சுடி"ன்னா ஒச்சம்மா. கண்ணு தண்ணியா ஊத்துது, வாய் மட்டும் சிரிக்குது. "இந்தக் கலர்ல பெரிய பார்டர் இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க கஸ்டமரு. இருக்குன்னு எடுத்துப் போட்டா.

அந்த நாலு நாளும் பட்டு செக்சன்ல எல்லாருக்கும் அதே பேச்சு. போற வர்றவளெல்லாம், "எங்கக்கா இருக்கு?"ன்னு கேட்டுட்டுத்தான் போவா. வாடிப்பட்டி தாண்டியாச்சு, வயக்காட்டுத் தண்ணி சில்லுன்னு இருக்கு. கொடைரோடு. செம்பட்டியில யாரோ காலு அமுக்கிவிட்டு எண்ணெய் போடுறாங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டு, தக்காளியில வழுக்குது. ரெஜினா அவ பங்குக்கு மாதாகிட்ட சொல்லி வச்சா, மலை ஏறுறவரைக்கும் பாத்துக்கச் சொல்லி. ராத்திரி ஒச்சம்மாவைத் தாங்கிப் பிடிச்சுப் பஸ்ஸுல ஏத்திவிடுறதும் அவதான்.

"என்னம்மா, காலைக் காணோம்?"ன்னு கேட்டாரு கண்டக்டரு.

"பழனிக்குப் போயிருக்குண்ணே."

"அரோகரா. செக்கானூரணி ஒண்ணா?"

பூசத்தன்னைக்குக் காலையில மலை ஏறுச்சு. அறுநூத்திச் சொச்சம் படி, ஒவ்வொண்ணும் தெரிஞ்சுச்சு ஒச்சம்மாவுக்கு. மேல போனதும் தரிசனத்துக்கு வரிசை. அங்க ஏழு மணி நேரம் கால் நின்னுச்சு, இங்க ஏழு மணி நேரம் ஒச்சம்மா நின்னா, ரெண்டு எடத்துலயும் உக்கார எடம் இல்லை. நாலரை மணிக்கு அவ சேலையை அப்படியே போட்டுட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டா. கோதண்டம் பாத்துட்டு அந்தப் பக்கமாத் திரும்பி நடந்தாரு.

கடையில வேலை பாக்குறவங்க போனெல்லாம் கீழ தவசிகிட்டதான் இருக்கும். ஆறு மணிக்கு ஒச்சம்மா போன் அடிச்சுச்சு, அவ புருசன். தவசி கேட்டுட்டு, வாழ்க்கையில மொத தடவையா ஸ்டாண்டை அப்படியே விட்டுட்டு மூணு மாடி ஏறுனாரு, மூச்சு வாங்குச்சு. "தாயி, புள்ள இன்னைக்கு விழலையாம். தெருப் புள்ளைங்களோட ஓட்டப்பந்தயம் ஓடுச்சாம். கடைசியாத்தான் வந்துச்சாம், ஆனா விழலையாம்."

மறுநாளும் புள்ள விழலை. அதுக்கு மறுநாளும் விழலை. ஆனா கால் வரலை.

பஸ்ஸுல வரத் தெரியாது, நடந்துதான் வரணும், நாலு நாளாகும்னு சமாதானம் சொல்லிக்கிட்டாங்க. நாலு போச்சு, ஏழு போச்சு. ஒச்சம்மாவுக்கு அது எங்கயோ நடக்குறது தெரியுது, எங்கன்னு சொல்லத் தெரியலை. கணுக்காலுக்குக் கீழ காலே இல்லாதவளா எத்தனை நாள் இருக்க முடியும்? அரிசி களையையில சறுக்குறா, பாத்ரூம்ல சறுக்குறா, தண்ணிக் குடத்தைத் தூக்கப் பயப்படுறா. டோக்கனைத் தினமும் கொண்டு வந்து நீட்டுவா, தவசி தினமும் தலையைக் குனிஞ்சுக்குவாரு. அந்தக் காப்பிக் கலர்ச் செருப்பை மட்டும் தினமும் தொடைச்சுத் தொடைச்சு வச்சாரு, வேற என்னதான் செய்ய முடியும் அவரால?

பூசம் கழிஞ்சு பதினோராம் நாள், நல்ல முகூர்த்த நாள், கடையில எள்ளு போட்டா எண்ணெயாகுற கூட்டம். உச்சி வெயில்ல தவசி நிமிந்து பாத்தா, எதுத்தாப்புல கரும்புச்சாறு வண்டி நெழல்ல நூத்திப் பதினேழு நிக்குது. ஒரே புழுதி, மெட்டியே தெரியலை, நகமெல்லாம் உடைஞ்சு, வெடிப்புல மண்ணு. தவசி செருப்பை எடுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டி ஓடுனாரு. கால் பின்னால போச்சு. நின்னாரு, நின்னுச்சு. செருப்பைக் காட்டி, "வாங்க, எவ்வளவு எதமா இருக்கும், வாங்க"ன்னு புள்ளையைக் கூப்புடுற மாதிரி கூப்பிட்டாரு. இன்னும் ரெண்டு எட்டு பின்னால போச்சு. மூணு தடவை இப்படி ஆச்சு, ரோட்டுல போறவங்க பாவமாப் பாத்தாங்க, கரும்புச்சாறுக்காரன்தான் சொன்னான்: "அண்ணாச்சி, அது ஒங்களுக்குப் பயப்படலை. கையில இருக்குறதுக்குப் பயப்படுது."

தவசி செருப்பைப் பாத்தாரு. கட்டை வெரல் அகலத்துக்கு எடம், வெரல் மடங்குற எடத்துல மடிப்பு, எல்லாம் பாத்துப் பாத்து வாங்குனது. அதைக் கொண்டுபோயிக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால வச்சுட்டு, வெறுங்கையோட வந்து கடை வாசல்ல நின்னு, மேல சொல்லி அனுப்புனாரு.

ஒச்சம்மா, பொண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையைப் பாதி மடிப்புல விட்டுட்டு எறங்குனா. "ஏம்மா, கஸ்டமரு!"ன்னு கத்திக்கிட்டே கோதண்டமும் பின்னால எறங்குனாரு. அவ வாசப்படியைத் தாண்டி வெயிலுக்கு வந்ததும், கால் ரெண்டும் ரோட்டைப் பாத்து, வண்டி பாத்து, ஓரமா நடந்து வந்து, அவ சேலைக்குக் கீழ நொழைஞ்சு ஒட்டிக்கிச்சு. ஒட்டுன நொடியில, போன வழி வலி, வந்த வழி வலி, மலை ஏறுன வலி, வரிசையில நின்ன வலி, ரெண்டு மாசமா ஸ்டாண்டுல தூங்கிக்கிட்டிருந்த வலி, எல்லாம் ஒண்ணா வந்து சேந்துச்சு. ஒச்சம்மா வாசப்படியிலயே உக்காந்துட்டா.

"எந்திரிம்மா. கஸ்டமர் வர்ற வழி."

"முடியலை சார்"ன்னா. "கால் வலிக்குது சார்."

அந்தக் கடையில ரெண்டு மாசமா யாரும் சொல்லாத சொல்லு அது. கோதண்டம் இன்னொரு தடவை எந்திரின்னாரு, அவ இன்னொரு தடவை அதையே சொன்னா, வேணும்னு இல்லை, நெசமாவே அவளால எந்திரிக்க முடியலை. நாளையில இருந்து வர வேண்டாம்னு சொன்னாரு, அதையும் கோவமாச் சொல்லலை, மெதுவாத்தான் சொன்னாரு. உள்ள போனதும் மைக்குல ரெஜினாவைக் கூப்பிட்டு ஒச்சம்மா கவுண்டரையும் சேத்துப் பாத்துக்கச் சொல்ற சத்தம் கேட்டுச்சு.

தவசி அவ முன்னால மண்டி போட்டு உக்காந்து அந்தக் காலை மடியில தூக்கி வச்சு, வேட்டி முனையில புழுதியைத் தொடைச்சாரு. பாதம் பூரா முள்ளு. கருவ முள்ளு, நெருஞ்சி, ஒரு எடத்துல கண்ணாடிச் சில்லு. ஒச்சம்மா தாலிக்கயித்துல கோத்திருந்த ஊக்கைக் கழட்டிக் குடுத்தா.

"எங்கிட்டிருந்து ஆரம்பிக்கட்டும் தாயி?"

"எங்கிட்டிருந்தாவது ஆரம்பிங்கண்ணே, உசுரு போகுது."

ஊக்கு முனையால குதிகால்ல ஒரு கருவ முள்ளைக் கெளறுனாரு. "ஆத்தாடி!"ன்னு ஒச்சம்மா அலறுன அலறல்ல தெரு திரும்பிப் பாத்துச்சு. தவசிக்குப் பின்னால, ஸ்டாண்டுல, திரைச்சேலைக்கு உள்ளயும் வெளியவும், மத்தியானத் தூக்கத்துல இருந்த நாப்பத்தஞ்சு ஜோடிக் காலும் ஒண்ணொண்ணா முழிச்சுப் பட்டையை நெம்புற சத்தம் சரக், சரக்குன்னு கேட்டுச்சு.

தவசி திரும்பிப் பாக்கலை. முள்ளு பாதி வெளிய வந்திருந்துச்சு.